அடுப்படியில் சிரித்தவர்

அன்புள்ள அம்மா,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே உப்பல் ஊரில் நான் சுகமாயிருக்கிறேன்.

யாருக்கும் நினைவில்லாத எழுத்தாளர் அன்னம்மாளைப் பற்றி நாவல் எழுதுகிறேன் என்றேனே, திருமுல்கேரியில் அவர் வாழ்ந்த வீட்டைத் தேடிப் போனேன். அவருடைய பேரனின் மனைவி சபீனா வாசலிலேயே மறித்தார்.

"சொத்துல பங்கு கேக்க வந்தீங்களா? நக்கோ, வேணாம்!"

விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு காபி கொடுத்தார்.

"எழுதுனாங்களான்னு தெரியாது. அடுப்படில தனியா சிரிச்சிட்டே இருப்பாங்கன்னு என் மாமியார் சொல்லுவாங்க."

நானோ அத்தியாயம் தவறாமல் அவரை அழவைத்திருக்கிறேன்!

அம்மா, நீங்களும் சமைக்கும்போது தனியாகச் சிரிப்பீர்கள். எதற்கென்று நான் கேட்டதே இல்லை. இட்லிப்பொடி அனுப்பும்போது அதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். இங்கே என் அடுப்படியில் சத்தமே இல்லை.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

பிளெசி