எனக்காகச் சொன்ன நோய்கள்

சோப்புப் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சைத் தோலால் தேய்த்தேன், கடைசியில் மண்ணெண்ணெய் தொட்டும் துடைத்துப் பார்த்துவிட்டேன். நகக்கண்ணில் ஏறிய நீலம் இறங்கவில்லை. பனியனில் பிரிண்ட் அடிக்கிற சாயம் அது; அதில்தான் நான் படம் வரைகிறேன். துணியையே விடாதது என் நகத்தையா விடப்போகிறது? கையை விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோது, முன்பொரு நாள் உங்கள் சின்னம்மா இதே நகங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னது ஞாபகம் வந்தது. முதலில் சிரிப்புத்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது நின்றுபோனது. யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தது, மாமா. உங்களைத் தவிர யாரிடம் பேச?

இன்று ஞாயிற்றுக்கிழமை. தாராபுரத்தில் உங்கள் சின்னம்மாவின் பேத்திக்குக் காதுகுத்து. நான் போகவில்லை. என் பங்குக்கும் சேர்த்துப் போய், மொய் எழுதி, பந்தியில் உட்கார்ந்து, எனக்கு என்ன நோவு என்று நாலு பேருக்குச் சொல்லிவிட்டு வர நீங்களும் இல்லை.

கல்யாணமான புதிதில் அதெல்லாம் ஆரம்பித்தது. வாரத்தில் ஆறு நாள் பிரிண்டிங் யூனிட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எந்த நாட்டுப் பிள்ளைகளோ போடப்போகிற பனியனுக்குக் கரடியும் முயலும் வரைந்துகொண்டிருந்தேன். நீங்கள் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எனக்கென்று வரைய ஞாயிறு ஒன்றுதான் இருந்தது. ஊரில் உள்ள விசேஷமெல்லாம் அந்த ஞாயிறைப் பார்த்துத்தான் வந்து விழும். சீர், விருந்து, கிடாவெட்டு, புதுமனை. வரையாத வாரத்தில் நான் எப்படி இருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். குழம்பில் உப்பு இருக்காது, கேட்ட கேள்விக்குப் பதில் இருக்காது. ஏதோ ஒரு சீருக்குக் கிளம்ப வேண்டிய அன்று, மங்கலத்துத் தறியில் வாங்கிய வெளுக்காத காடாத் துணியைச் சுவரில் அடித்துப் பாதி வண்ணம் பூசியிருந்தேன். ஈரம் காய்வதற்குள் முடிக்க வேண்டும். வரமாட்டேன் என்றேன். வெள்ளை வேட்டி கட்டித் தயாராக நின்ற நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், வண்டியை எடுத்துக்கொண்டு போனீர்கள். இன்றைக்கு இருக்கிறது எனக்கு என்று நினைத்தேன்.

மத்தியானம் தூக்குப்போசியில் எனக்குச் சோறும் குழம்பும் வாங்கிக்கொண்டு வந்தீர்கள். "உனக்குக் காச்சல்னு சொல்லிப்போட்டேன் அம்மிணி. ஆராச்சும் போன் பண்ணுனா ரெண்டு தடவை இருமிப்போடு" என்றீர்கள்.

படம் வரைகிறாள் என்று சொன்னால் என்ன என்று கேட்டேன். நீங்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னீர்கள். "படம் வரையறான்னா கொழுப்பும்பாங்க. காச்சல்னா பாவம்பாங்க. எது வசதின்னு நீயே சொல்லு." கம்பெனியில் லீவு கேட்டு வருகிறவர்களின் பொய்யை வாரம் முழுக்கக் கேட்கிற மனிதர் நீங்கள். எது நிற்கும், எது நிற்காது என்று உங்களுக்குத் தெரியும். தையல்காரர்கள் தங்கள் பாட்டிமாரைத் திரும்பத் திரும்பச் சாகடிப்பது பற்றிச் சொல்லி என்னைச் சிரிக்க வைப்பீர்கள். எனக்கு மட்டும் அளவாகத்தான் நோய் தந்தீர்கள். பெரிதாகச் சொன்னால் பார்க்க வந்துவிடுவார்கள் என்பது உங்கள் சட்டம். காய்ச்சல், தலைசுற்றல், வயிற்றுப்போக்கு, பல்வலி. ஒருமுறை உங்களோடு போயிருந்த நம் மகள் பந்தியில் என் முதுகுவலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அடுத்த வரிசையில் நீங்கள் என் காய்ச்சலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தீர்களாம். இரண்டும் இருக்கிறது என்று சமாளித்துவிட்டு வந்தீர்கள்.

மூட்டுவலி என்று சொன்னபோதுதான் மாட்டிக்கொண்டோம். நான் அத்தை என்று கூப்பிடும் உங்கள் சின்னம்மா எண்ணெய் காய்ச்சி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார்கள். நீங்கள் வாசலிலேயே அவர்களை நிறுத்தி ஊர்க்கதை பேசிய நேரத்தில், நான் துணியைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொண்டேன். அத்தை என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "கண்ணு, நகமெல்லாம் நீலம் பூத்துக் கெடக்குது. இது மூட்டு நோவு இல்ல சாமி. நெஞ்சுல ரத்தம் ஓடலை" என்றார்கள். கதவருகில் நின்ற நீங்கள் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டீர்கள். அழுகிறீர்கள் என்று நினைத்து அத்தை உங்களைத் தேற்றினார்கள். அன்று முதல் உங்கள் சொந்தம் முழுக்க நான் நெஞ்சு நோவுக்காரி. எனக்காகச் சாமிக்கு நேர்ந்து முடிந்துவைத்த காசு எத்தனை வீட்டு மஞ்சள் துணியில் கிடக்கிறதோ.

இப்படித்தான் நான் வரைந்தேன். இரண்டே அறை உள்ள லைன் வீட்டில் முன்னறைச் சுவர் என்னுடையது. வந்தவர்களை உட்கார வைக்க இடமில்லாமல் நீங்கள் வாசற்படியில் உட்கார வைத்துப் பேசினீர்கள். தூரிகை துடைக்க பனியன் வேஸ்ட் மூட்டை கொண்டுவந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு உங்கள் கையால்தான். ஆனால் ஒரு படத்தைக்கூட நீங்கள் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. கட்டிங் மேசையில் ஓர் ஓரத் துணியைக்கூட வீணாக்காமல் வெட்டுகிற ஆள் அல்லவா. எங்காவது வெற்றிடம் விட்டிருந்தால், "இவ்வளவு துணி சும்மா போகுதே" என்று வருத்தப்படுவீர்கள்.

அப்புறம் கோயம்புத்தூரில் சில ஓவியர்கள் சேர்ந்து வைக்கும் கண்காட்சியில் என் படங்களுக்கும் ஒரு சுவர் கொடுப்பதாகச் சொன்னார்கள். சொன்ன நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. விடியலில் கம்பெனி வேனில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டு போகிற பெண்களை வரைந்துகொண்டிருந்தேன். மாதக்கணக்கில் அந்தத் தூங்கும் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் முகம் வெளுத்துக்கொண்டு வந்ததைக் கேட்டேன்தான். "ஏசி ரூம்ல நிக்கறேனில்ல, அப்படித்தான் இருக்கும்" என்றீர்கள். நான் நம்பினேன். பொய் சொல்வதில் உங்களுக்கு இருந்த பழக்கத்துக்கு யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

கண்காட்சிக்கு நீங்களே படங்களைச் சுமந்து மாடி ஏறினீர்கள். பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "கோயமுத்தூர்ல படிக்கட்டு ஒசரம் சாஸ்தி" என்றீர்கள். நாள் முழுக்க அந்த வேன் படத்தின் பக்கத்திலேயே நின்றீர்கள். வந்தவர்களிடமெல்லாம், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், "என்ற சம்சாரம் வரைஞ்சதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். முன்பின் தெரியாதவர்களிடம் உங்களுக்கு அது எவ்வளவு எளிதாக வந்தது.

அடுத்த வாரம் கட்டிங் மேசைக்குப் பக்கத்தில் விழுந்தீர்கள். எழவில்லை.

உங்களைக் கிடத்தியிருந்தபோது முன்னறையில் யாரோ சொன்னார்கள். "சீக்காளி குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறா. நல்லா இருந்தவன் போய்ட்டான்." எனக்குக் கேட்கும் என்று தெரிந்தேதான் சொன்னார்கள். அதைத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது அதற்குப் பிறகு வந்தது. உங்கள் கம்பெனி மேனேஜர், அந்தத் தென்காசிப் பக்கத்துத் தம்பி, என் எதிரில் வந்து குந்தி உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார். "அக்கா, ஒங்க ஆப்பரேஷன் இப்பம் எப்படி? நாங்க யாராச்சும் கூட வரட்டா?"

எந்த ஆபரேஷன் என்றேன்.

"நெஞ்சுக்குன்னு மாஸ்டர் சொன்னாங்களே. மாசா மாசம் ஒங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னுதான லீவு எடுப்பாங்க. தேதிகூட குடுத்துட்டாங்க. வீட்டுல ஒரு விசேஷம் இருக்கு, அது முடியட்டும்னு மாஸ்டர்தான் தள்ளிப் போட்டாங்க."

எனக்கு எந்த ஆஸ்பத்திரியும் தெரியாது, மாமா. பிறகு போய் விசாரித்தேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் தனியாகத்தான் வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னார். சொந்தக்காரர்கள் எனக்கு வைத்த நெஞ்சு நோவைக் கம்பெனியில் சொல்லி, உங்கள் நெஞ்சு நோவுக்கு லீவு வாங்கியிருக்கிறீர்கள். அந்த விசேஷம் என் கண்காட்சி.

உங்கள்மேல் எனக்குக் கோபம். ஊரார் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள், நானோ உள்ளே உங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். படமா, நீங்களா என்று என்னிடம் கேட்டிருக்க வேண்டாமா? கேட்டிருந்தால் சுவரில் இருந்ததை அப்படியே கிழித்துப்போட்டுவிட்டு உங்களை வண்டியில் ஏற்றியிருப்பேன். அது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கவில்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு என்னிடமிருந்து முடிவை எடுத்துக்கொண்டீர்கள். அதை மன்னிக்க முயற்சி செய்கிறேன். இன்னும் வரவில்லை.

பல மாதம் தூரிகையைத் தொடவில்லை. போன மாதம்தான் மறுபடி துணி அடித்தேன். விரித்த நீலத் துணி அடுக்கு, நீளமான மேசை, ஆள் இல்லை. அவ்வளவுதான் படம். இன்று அதில்தான் கை வைத்திருந்தேன்.

இப்போது கொஞ்சம் முன்னால் அத்தை தாராபுரத்திலிருந்து கூப்பிட்டார்கள். பின்னால் மேளச் சத்தம். "ஏன் கண்ணு வரலை? உடம்பு சொகமில்லையா?" என்றார்கள். காய்ச்சல் என்ற சொல் நாக்கில் வந்து நின்றது. நான் சொல்லவில்லை.

"உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க அத்தை. படம் வரைஞ்சுட்டு இருக்கறேனுங்க. அதான் வரலைங்க. எனக்கு எப்பவுமே நெஞ்சு நோவு இல்லீங்க. அவருக்குத்தான் இருந்துச்சுங்க."

அத்தை போனோடு பந்தலை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும், மேளச் சத்தம் தள்ளிப் போனது.

"சரி கண்ணு" என்றார்கள். குரல் உடைந்திருந்தது. "நீ வரைஞ்சுக்க. இங்க ஆராச்சும் கேட்டா நான் சொல்லிக்கறேன்."

"என்னன்னு சொல்லுவீங்க அத்தை?"

"படம் வரைஞ்சுட்டு இருக்கறான்னு சொல்றேன். வேற என்னன்னு சொல்லோணும்?"

அவ்வளவுதானாம், மாமா. இவ்வளவுதானாம்.