கூரை திறக்கும் வண்டியும் மூடிய வண்டியும்

5-6-2006, திங்கள்

பூசை முடித்துக் கூடத்துக்கு வந்தால், சாமி படத்தின் கீழே இரண்டு கார்ப் படங்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. மருதாசலத்தின் வேலை. நாற்பது வயது மகன். பனியன் கம்பெனியும் சாயப்பட்டறையும் இப்போது அவன் கையில். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறானாம். வண்டி ஒன்றே, உடல் இரண்டு வகை. ஒன்றுக்கு நிலையான கூரை. நெற்றியில் எழுந்து பின்புறம் சரிந்து ஒரே கோடாய் முடிகிறது. கூப்பே என்றான். மற்றதற்குத் துணிக் கூரை. பொத்தானை அழுத்தினால் மடிந்து பின்னால் ஒளிந்துகொள்ளும். அது கன்வெர்ட்டிபிள்.

“தேரைப் பத்தி அத்தனை பாட்டுச் சொல்லுவீங்களே. எது லட்சணம்னு நீங்களே சொல்லுங்கப்பா.”

விநாயகருக்கும் எனக்கும் நடுவே அந்தப் பளபளப்பு நின்றது. படங்களை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

9-6-2006, வெள்ளி

வாயை மூடினேன், மனம் மூட மறுக்கிறது. பதிகம் ஓதும்போது பாதியில் அந்த வண்டிகள் வந்து நின்றன. தேர் என்பது ஏறியவன் காணவும், அவனைப் பிறர் காணவும் அமைந்தது. முன்னே கைபிடித்து நிற்கத் தாமரை மொட்டாய்க் கொடிஞ்சி, மேலே வானம். மூடிச் சுமப்பது பல்லக்கு. ஆகவே கூரை திறந்ததே அழகு என்று முடிவு கட்டினேன். கட்டிய பிறகுதான் உறைத்தது. எழுபத்திரண்டு வயதில், ஈசன் திருமுன் அமர்ந்து, எந்தக் காருக்கு முதுகு அழகு என்று ஆராய்ந்திருக்கிறேன். சீ.

மாலையில் தங்கை காளியாத்தாள் போன் செய்தாள். நொய்யல் ஆற்றின் போக்கில் பன்னிரண்டு கல் கீழே, காங்கேயம் பக்கத்துக் கரையில் அவள் தோட்டம். “கெணத்துத் தண்ணி ஒரு மாதிரி வருதுங்கண்ணா. ஒருக்கா வந்து பாருங்க.” மூன்றாவது முறையாகச் சொல்கிறாள். வருகிறேன் என்றேன், நானும் மூன்றாவது முறையாக.

11-6-2006, ஞாயிறு

கோவையிலிருந்து தரகர் ஒருவர் கூரை திறக்கும் வண்டியை ஓட்டிப் பார்க்கக் கொண்டுவந்தார். என் மனைவி ராமாயி வாசலில் நின்று அதைச் சுற்றிவந்தாள். அவளுக்கு இரண்டு முழங்காலும் வலி. “ஏனுங்க, இது ஏறி உக்கார்ற வண்டியா, உள்ள உளுந்து கெடக்கற வண்டியா? உளுந்தா ஆரு தூக்கறது?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் ஏறினேன். ஏன் ஏறினேன்? முதல் நாழிகை நன்றாகவே இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். காற்று, வேம்பின் நிழல், தெருவெல்லாம் திரும்பிப் பார்த்த கண்கள். பிறகு நொய்யல் பாலம். ஆற்றில் இன்று கருநீலம் ஓடியது. அழுகிய முட்டையும் அமிலமும் கலந்த நாற்றம் நேரே மூக்கில் ஏறியது. மேல்துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டேன். மருதாசலம் பொத்தானை அழுத்தினான். தலைக்கு மேல் துணி வந்து மூடியது.

“பார்க்க இதுதானுங்கப்பா அழகு. ஆனா பாலத்துக்குப் பாலம் மூடறதுன்னா இது எதுக்கு? துணிக் கூரையில நாத்தமும் நிக்கும். நம்ம ஊருக்குக் கூப்பேதான் தோது.”

“நாத்தத்துக்கு வண்டியை மாத்தறயா?”

“வேற என்னத்தை மாத்தறதுங்கப்பா?”

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான்.

12-6-2006

நேற்று எங்கள் பட்டறையில் என்ன நிறம் ஓடியது? மேனேஜரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

18-6-2006, ஞாயிறு

இன்று மூடிய வண்டி ஓட்டிப் பார்க்க வந்தது. முடிவு ஆனது போலத்தான் என்றான் மகன். புது வண்டி எதுவானாலும் முதலில் காளியாத்தாள் வீட்டுக்குப் போய் அவள் கையால் ஆலாத்தி எடுத்த பிறகே மற்ற இடம் என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். பின் இருக்கையில் ராமாயி நுழைய முடியவில்லை. நாங்கள் இருவர் மட்டும் போனோம்.

தங்கை தட்டோடு தயாராக நின்றாள். தட்டில் சிவந்த நீர். மூன்று சுற்றுச் சுற்றினாள். விரலால் தொட்டு வண்டியின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள்.

“என்னங்கத்தை, மஞ்சள் கம்மியா இருக்குது, சுண்ணாம்பு தூக்கலா போட்டுட்டீங்களா?” என்றான் மருதாசலம்.

“மஞ்சளும் போடலை, சுண்ணாம்பும் போடலை கண்ணு. கெணத்துல மொண்டபடியே கொண்டாந்தேன். உங்கப்பனுக்குத் தெரியும், தண்ணியே செவப்பா வரும்போது எதுக்கு மஞ்சளை வீணாக்கறது.”

அவன் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

அவள் வீட்டில் உட்காரும் முன்பே சொம்பில் தண்ணீர் வரும். ஐம்பது ஆண்டுப் பழக்கம். இன்று கலர் சோடா இரண்டு வந்தது. “தண்ணி குடுக்கலைன்னு நெனைச்சுக்காதீங்கண்ணா. லாரி புதங்கிழமைதான் வரும்.” தென்னைகளின் உச்சி மஞ்சளாய்க் கிடந்தது. கிணற்றை எட்டிப் பார்க்கும்படி அவள் அழைக்கவில்லை. நானாகவும் போகவில்லை.

திரும்பும்போது கண்ணாடி மூடியிருந்தது, குளிர்ந்த காற்று, பாலத்தைக் கடந்ததே தெரியவில்லை. அந்தச் சுகம் எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதாமல் விடக்கூடாது.

19-6-2006, திங்கள்

பட்டறைக்குப் போனேன். ஐந்தாண்டுகளாகக் கால் வைக்காத பின்புறம். ஆற்றுக்குள் இறங்கும் குழாயிலிருந்து சிவப்பு கொட்டிக்கொண்டிருந்தது.

இந்தக் குழாயைப் பதித்தவன் நான். எண்பத்தொன்பதாம் ஆண்டு, நல்ல நாள் பார்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, குழாயின் வாய்க்குச் சூடம் காட்டினேன். முதல் நீர் ஆற்றில் விழுந்தபோது கைகூப்பிக் கண் கலங்கினேன். அபிடேகம் காண்பவன் போல. எதை நோக்கிக் கைகூப்பினேன், சாமி?

உரிமம் என் பெயரில் இருக்கிறது. மாத இறுதியோடு பட்டறையை நிறுத்தச் சொன்னேன். மருதாசலம் ஓடி வந்தான்.

“சூடம் காட்டினதே நீங்கதானுங்கப்பா.”

ஆமாண்டா, நாந்தான். அதுக்கு என்ன இப்போ? நாந்தான் காட்டுனேன், நானே நிறுத்தறேன் — இப்படித்தான் கத்தினேன், வேலையாட்கள் எதிரிலே. திருநீறு பூசிய நெற்றியோடு.

1-7-2006

குழாய் வாயைச் சிமெண்டு வைத்து அடைத்தாயிற்று. பட்டறை ஆட்கள் எல்லோருக்கும் பனியன் கம்பெனியில் வேலை. மகன் இவ்வளவு எளிதில் பணிவான் என்று எண்ணவில்லை. இன்று பதிகம் தடையின்றி வந்தது.

30-7-2006, ஞாயிறு

வண்டி வந்தது. கூப்பே. வெள்ளை நிறம். ராமாயி திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தாள். அத்தை வீட்டுக்கு எப்போது என்று கேட்டாள். மருதாசலம் காதில் வாங்காதவன்போல் பூசணித் துண்டைச் சக்கரத்திலிருந்து துடைத்துக்கொண்டிருந்தான்.

10-8-2006, வியாழன்

கம்பெனி வாசலில் துணி உருளைகள் ஏற்றிய வேன் நின்றது. வெள்ளையாய்ப் போகிறது. எங்கே என்று ஓட்டுநர் அழகுமலையைக் கேட்டேன். மதுரைப் பக்கத்து ஆள், மறைக்கத் தெரியாதவர். “சாயம் போடத்தேன் போகுது அய்யா. பாலத்துக்கு மேல, ஆத்தோரமா ஒரு பட்டறை இருக்குல்ல. சாயங்காலம் எடுத்துட்டு வந்துருவேன்.”

மேலே. அதே ஆறு. அதே துணி. அதே சிவப்பு. குழாய்தான் வேறொருவருடையது.

மகனிடம் கேட்டேன். அவன் மரியாதையில் ஒரு குறையும் இல்லை. “நம்ம பேருல ஒரு சொட்டு ஆத்துல உளுகறதில்லீங்கப்பா. நீங்க நிம்மதியா பூசை பண்ணுங்க.”

எனக்கென்று இப்படி ஒரு கூரை போட்டு வைத்திருக்கிறான். நாற்பது நாள் அதன் கீழே உட்கார்ந்து ஓதியிருக்கிறேன். அவன்மேல் வந்த அருவருப்பு அவனோடு நிற்கவில்லை. திருநீற்றுத் தட்டைத் தொடவும் இன்று கை கூசியது.

20-8-2006, ஞாயிறு

காங்கேயம் பஸ்ஸில் ஏறித் தங்கை வீட்டுக்குப் போனேன். பாலத்தின்மேல் சன்னலோரம் இருந்த எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் பொத்தவில்லை. அது ஒரு தவம் அல்ல. கை எழவில்லை, அவ்வளவே.

கிணற்றை நானே போய்ப் பார்த்தேன். பட்டறை மூடியதையும், துணி இப்போது எங்கே போகிறது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் கிணற்று வாளிக் கயிற்றைச் சுருட்டி மாட்டினாள். பிறகு கேட்டாள்.

“கடைசியில எந்த வண்டிங்கண்ணா எடுத்தீங்க?”

“மூடுனதும்மா.”

“அதுவும் நல்லதுதானுங்க. தூசி வராது.”

லாரித் தண்ணீர் குடத்தில் பாதிக்கும் கீழே இருந்தது. அதில் ஒரு சொம்பு மொண்டு நீட்டினாள். வாய் படாமல் அண்ணாந்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, மீதியை அந்தக் குடத்திலேயே திரும்ப ஊற்றினேன்.