வால்பாறையிலிருந்து வந்த பட்டை

சாந்தோம், சென்னை-4
9-7-1973

அன்பு மைத்துனன் பிலிப்புக்கு,

இறைவன் அருளால் இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பாதிதான் உண்மை.

வால்பாறைக் காட்டிலிருந்து நீ அனுப்பிய மரப்பட்டை கிடைத்தது. எந்த மரம், பிலிப்? மரமஞ்சள் என்றால் உள்ளே மஞ்சளாக இருக்கும், இது சிவப்பு. ஓர் இலையாவது சேர்த்து வைத்திருக்கக் கூடாதா? கல்லூரியில் தாவரவியல் நடத்தியவன், பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறேன். அங்குள்ள காடர் பழங்குடியினர் குடிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். எந்த நோய்க்குக் குடிக்கிறார்கள் என்று கேட்டாயா?

உன் அக்கா பியாட்ரிஸ் எதையும் கேட்கவில்லை. அன்றே சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் போட்டாள். டாக்டரைக் கேட்போம் என்றேன். "நீங்க காட்டைப் புஸ்தகத்துல பார்த்தவரு. என் தம்பி காட்டுலயே இருக்கான்" என்றாள். அந்த வாரமே, சிறுநீரைச் சோதிக்கும் குழாயில் நீலமாக நிற்க வேண்டிய மருந்து, சர்க்கரை ஏறிச் செங்கல் நிறமாகிவிட்டது. அவளோடு வாதாட எனக்கு எந்நாளும் வந்ததில்லை. கஷாயத்தை ஆறவைத்துவிட்டு அவள் காலைப் பூசைக்குப் போகும் நேரத்தில், மாத்திரையைப் பொடித்து அதில் கலந்துவிடுகிறேன்.

குழாய் மறுபடி நீலமாயிற்று. பெருமையெல்லாம் பட்டைக்குப் போயிற்று. அந்தக் குழாயையே அடுத்த வீட்டு வெரோனிகா டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். இப்போது டீச்சரும் மாத்திரையை விட்டுவிட்டு நம் வீட்டுக் கஷாயத்துக்கு மாறிவிட்டார். பட்டையை வாங்கிப்போய் அவர் வீட்டிலேயே காய்ச்சுகிறார். அதில் நான் எதைக் கலப்பது? வெள்ளிக்கிழமை வகுப்பில் மயக்கமாகி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாராம். பட்டையை நம்பாதீர்கள் என்றேன். "மச்சான் மேல பொறாமையா ஸார்?" என்று சிரிக்கிறார்.

நான் செய்வதைச் சொன்னால் பியாட்ரிஸ் என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டாள். பிறகு மாத்திரை அவள் வயிற்றுக்குள் போக வேறு வழியில்லை.

ஆகையால் நீ எழுது. மாத்திரையோடு சேர்ந்தால்தான் பட்டை வேலை செய்யும், மாத்திரையை விட்டால் ஆபத்து என்று எழுது. பட்டைக்கும் கொஞ்சம் பங்கு இருக்குமோ என்று எனக்கே சந்தேகம் உண்டு. அதனால் முழுப் பொய் ஆகாது என்று நினைக்கிறேன். உன் கடிதத்தை அவள் டீச்சருக்கும் படித்துக் காட்டுவாள். என் பெயர் அதில் வேண்டாம். இனிப் பட்டையும் வேண்டாம். இலை மட்டும் அனுப்பு.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. உடனே எழுது. அதுவரை காலைப் பூசைக்கு நான் போக முடியாது. எனக்காகவும் அவளே செபித்துவிட்டு வரட்டும்.

அன்புள்ள அத்தான்,
லூயிஸ்