பின்வாசலில் ஒரு கிரில்

ஜூலை 5, சனி

காலையிலிருந்து பேய்க்காற்று. மாடியில் காயப்போட்ட போர்வை பக்கத்து வாழைத்தோட்டத்தில். போய் எடுத்து வந்தேன்.

சொந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஓடிவிட்டது. உத்தமபாளையத்தில் வாடகைக்கு இருந்தவரை, கீழே ஹவுஸ் ஓனர் அம்மா சுத்த சைவம். மீன் பொரித்த நாளெல்லாம் வீடு முழுக்கச் சாம்பிராணி. முட்டை ஓட்டைக்கூடப் பேப்பரில் சுற்றி, கைப்பையில் வைத்து, கூடலூரில் நான் வேலை பார்க்கும் ஏலக்காய் ஆபீஸ் பக்கத்துக் குப்பைத்தொட்டியில் போட்டிருக்கிறேன். திருடி மாதிரி. அத்தனை வருஷமும் மனசுக்குள் ஒரே ஆசை. சொந்த வீடு, பின்பக்கம் திறந்த வெளி, முழுக்கோழியைக் கரியில் போட்டுச் சுட வேண்டும். புகை எங்கே வேண்டுமானாலும் போகட்டும். அதற்காகவே இங்கே வந்து இன்னும் கறி எடுக்கவில்லை.

வாங்க: கிரில். துணி கிளிப். எலிப்பொறி.

இவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலை எழும்பவில்லை. "கரண்டுல ஓடுறது ஒண்ணு வருதாம்ல. உள்ளயே வச்சுக்கலாம்." பம்ப்செட் கடைக்காரருக்கு உலகத்தில் எல்லாமே கரண்டில் ஓட வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

ஏலக்காய் வரத்து குறைவு. ஆபீஸில் வேலை இல்லை. பக்கத்து சீட் ஷெர்லியோடு உட்கார்ந்து போனில் கிரில் பார்த்தேன். குமுளிக்காரி, அவள் வீட்டில் ஒன்று இருக்கிறது. கேஸ் என்றால் சட்டென்று பற்றும், கரி வாசனை வராது. உருண்டையாக மூடி போட்ட கரி கிரில்தான் பிரமாதம், "அடிபொளி" என்றாள்.

மத்தியானம் பெர்மிஷன் போட்டு, தேனிக் கடையில் நேரில் போய்ப் பார்த்தேன். குச்சிக் கால் மூன்று, தகரம் அப்பளம். நம் காற்றுக்கு நிற்காது. கடைக்காரர், "இதுல பனீர் சூப்பரா வரும் மேடம்" என்றார். என் முகத்தில் என்ன எழுதி ஒட்டியிருந்ததோ.

ஜூலை 10, வியாழன்

சின்னமனூர் வெல்டிங் பட்டறை. பட்டறைத் தம்பி சொன்னது:

"யக்கா, கடைல விக்கிறது ரெண்டு மழைக்குத் தாங்காது. இரும்புப் பேரல ரெண்டா அறுத்து, மூடிக்குக் கீலு வச்சுத் தாரேன். பெயிண்ட் பேரல் ஆகாது, சமையல் எண்ண வந்ததாப் பாத்து எடுப்போம். மொதத் தடவ சும்மா எரிச்சு விட்ருங்க."

கால் அகலமாக. மூடி கனமாக. காற்றைக் கூட்டிக் குறைக்க அடியில் ஒரு தகடு. மூடியைச் சாத்திக் கொய்யா விறகு வைத்தால் கறியில் புகையும் ஏறுமாம். சிரட்டைக் கரி கம்பத்தில் கிடைக்கிறது. ஆர்டர் கொடுத்தாயிற்று, என் சம்பளத்தில். பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுப் பெண் ஒரு மாதிரி பார்த்தாள்.

இவர், "என்ன அவசரம்?" என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 13, ஞாயிறு

கிரில் வந்து இறங்கியது. கறுப்பாக, கல்லு மாதிரி. பின்வாசலில் வைத்து, சும்மா எரித்துவிடலாம் என்று தீப்பெட்டி எடுத்தேன். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு டீச்சர். ரிட்டயர் ஆனவர்.

"என்னம்மா, வெந்நி அடுப்பா?"

"இல்ல டீச்சர், கோழி சுடுறதுக்கு."

அவர் முகம் போன போக்கு! "ஏம்மா, ஒங்க வீட்டுக்காரரு எடம் பேசையிலயே சொன்னாகளே, வீட்ல கவுச்சி பொழங்க மாட்டோம்னு. அத நம்பித்தான எங்க அண்ணன் இந்த எடத்த ஒங்களுக்குக் குடுத்தாக. இந்தத் தெருவுல எல்லாருக்கும் அதான பேச்சு."

எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "சரி டீச்சர்" என்றேன். உள்ளே வந்து அழுதேன். பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 14, திங்கள்

இவரிடம் கேட்டுவிட்டேன்.

"ரோட்டோரம், நல்ல தண்ணி. ஒரு வார்த்த சொன்னா கெடைக்குதுன்னா சொல்ல மாட்டாகளா? சொன்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

"வேணும்னா வெளிய சாப்ட்டுக்கலாம்ல."

வெளியே! சனிக்கிழமை தவறாமல் கடையை அடைத்துவிட்டு, பரோட்டாவும் சுக்காவும் தின்றுவிட்டு வருகிற மனுஷர். சட்டையைத் துவைப்பது நான்தானே, தெரியாதா. நான் போய் அந்தப் பரோட்டாக் கடை பெஞ்சில் உட்கார்ந்து தின்ன முடியுமா?

கிரில் எப்படி என்று ஷெர்லி கேட்டாள். மழை, இன்னும் மூட்டவில்லை என்றேன். மழையே இல்லை.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. டீச்சர் வடை கொண்டுவந்து கொடுத்தார். நல்ல வடை. அதுவும் எரிச்சலாக இருந்தது. கிரில் மேல் தார்ப்பாய் போட்டிருக்கிறேன்.

துணி கிளிப் வாங்க மறந்தாயிற்று.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் இவர், "கிரில் சும்மாதான கெடக்கு" என்றார். மார்க்கையன்கோட்டையில் இவருடைய சிநேகிதர் தோப்பில் இன்றைக்குக் கோழி சுடுகிறார்களாம். லோடு ஆட்டோவுக்கும் சொல்லியாயிற்றாம். "நீ மசாலா மட்டும் பெரட்டிக் குடு. ஒன் கைப்பக்குவம் யாருக்கு வரும்?"

நானும் வரட்டுமா என்றேன். ஆம்பளைகள் மட்டுமாம்.

அரைத்தேன். இவர் வாங்கி வந்த நாலு கோழிக்கும் புரட்டிக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்? செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சாயங்காலம் வந்தார், கிரில் இல்லாமல். சட்டையெல்லாம் புகை வாசனை. நான் ஆசைப்பட்ட அதே வாசனை. போனில் போட்டோக்கள், என் கிரிலைச் சுற்றி ஆம்பளைகள், கையில் கிளாஸ். எனக்கென்று ஃபாயிலில் இரண்டு துண்டு. வெளியே கரிக்கட்டை, எலும்போரம் ரத்தம். மூடியைச் சாத்த ஒருத்தருக்கும் பொறுமை இல்லை.

"சுட வச்சுச் சாப்டு. டீச்சருக்குத் தெரியாம."

துண்டுகளைத் தெரு நாய்க்குப் போட்டுவிட்டு வந்து சொன்னேன். "ஆட்டோக்காரருக்குப் போன் பண்ணிட்டேன். நாளைக்குக் கிரில் இங்கன வந்துரும். அடுத்த ஞாயித்துக்கெழம நான் மூட்டப் போறேன்."

"நான் வாக்குக் குடுத்துருக்கேன்டி."

"நீங்கதான குடுத்தீக. நீங்க சாப்பிடாதீக."

சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். அப்புறம் மோர் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. எடுத்துக் குடிக்கச் சொன்னேன்.