வேலில் கட்டிய பாஸ்போர்ட்

வளப்பூர் நாடு,
புதன்கிழமை.

அன்புள்ள சந்தோஷுக்கு,

தொலையாத ஒரு பொருளைத் தொலைந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு மகன் தன் அப்பாவை உயிரோடு வந்து பார்க்க முடியும் என்றால், அவனுடைய அம்மா கையெழுத்துப் போட வேண்டுமா, கூடாதா? மூன்று நாட்களாக யோசிக்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. பரீட்சைத் தாளில் இப்படி ஒரு கேள்வி வந்திருந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிப்பெண் போட்டுவிட்டுக் கேள்வியை நீக்கச் சொல்லியிருப்பேன். நான் சுகமாக இருக்கிறேன், அப்பா அப்படி இல்லை, நீ அங்கே குளிருக்கு உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். நலம் விசாரிப்பதை இந்த முறை இப்படித்தான் எழுத முடிகிறது.

போனில் சிக்னல் விட்டுவிட்டு வருவதால் நான் பாதி சொல்கிறேன், நீ கால்வாசி கேட்கிறாய், அதனால் அப்பாவின் நிலையை வரிசையாக எழுதிவிடுகிறேன். வலது பக்கம் அப்படியேதான் இருக்கிறது. இடது கை நன்றாக அசைகிறது. பேச்சு வரவில்லை, ஒரே ஒரு ஒலி மட்டும் வருகிறது, அதிலேயே தண்ணீரும் வெளிச்சமும் போர்வையும் கேட்கிறார். நாம் சொல்வது முழுக்கப் புரிகிறது. பக்கவாதத்தைவிட இருதயம்தான் பலவீனம் என்று நாமக்கல் டாக்டர் சொன்னார். வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், பார்க்க வேண்டியவர்கள் எல்லாம் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். பத்தும் இருக்கலாம், இருபதும் இருக்கலாம் டீச்சர் என்றார். அது போன வாரம். மலைக்கு அந்தப் பக்கத்துத் திண்ணனூர் நாட்டிலிருந்து உன் கண்ணாயி அத்தை வந்து தங்கியிருக்கிறாள். சாமைக் கஞ்சியை அவள் ஊட்டினால் குடிக்கிறார், நான் ஊட்டினால் பாதியில் வாயை மூடிக்கொள்கிறார். காலை பஸ் வளைவில் ஹாரன் அடிக்கும்போது மட்டும் தலை வாசல் பக்கம் திரும்புகிறது. மிளகு இந்த வருஷம் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். அதற்குத் திரும்பவில்லை.

இனி நான் போனில் சொல்லாததற்கு வருகிறேன். உன் பழைய பாஸ்போர்ட்டை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொன்னால் படுக்கையில் கிடக்கும் மனிதர்மேல் உனக்குக் கோபம் வரும் என்று சொல்லவில்லை. நீ வீடு மாறும்போது உன் சான்றிதழ்களையும் பழைய தாள்களையும் அங்கே இருக்கும் நம் ஊர்க் கோகிலாவிடம் கொடுத்து அனுப்பினாயே, தை மாதம் அவள் தன் கல்யாணத்துக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தாள், அந்தப் பெட்டிக்குள் அதுவும் இருந்தது. அதன் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து நீ போட்டிருக்கிறாய். பெட்டியைத் திறந்தவர் அப்பா. இது இல்லாமல் அவன் எப்படி வருவான் என்று கேட்டார். நீ கனடாக் குடிமகன் ஆகி ஏழு மாதம் ஆகியிருந்தது, நான் அவரிடம் சொல்லாமலே இருந்தேன், அன்றுதான் சொன்னேன். இந்தியா இரண்டு குடியுரிமைக்கு இடம் தருவதில்லை, அங்கே வாங்கியதும் இங்கே உள்ளது போய்விடும், இனி அந்த ஊர்ப் பாஸ்போர்ட்டில் விசா குத்தி, இல்லாவிட்டால் வெளிநாடுவாழ் இந்தியருக்கான அட்டை வாங்கித்தான் வருவான் என்று வகுப்பில் சொல்வது போலச் சொன்னேன். அவர் பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, ஏந்தோட்டத்துக்கு ஏம்பையன் வர்றதுக்கு எவனோ சீட்டுக் குடுக்கோணுமா என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன், சந்தோஷ். அந்தச் சிரிப்பை இன்று வரை திரும்ப எடுக்க முடியவில்லை. அப்ப இத என்ன பண்ணுவாங்க என்று பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேட்டார். ஒப்படைத்தால் ரத்து என்று முத்திரை குத்தித் திருப்பிக் கொடுப்பார்கள் என்றேன். அவசரமில்லை, அடுத்த வருஷம் அந்த அட்டைக்கு எழுதிப் போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நீயும் சொன்னாய், நானும் விட்டுவிட்டேன்.

நம் வீட்டில் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுப்பதில்லை என்று உனக்குத் தெரியும். வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவந்து பிடித்துப் போக வேண்டும், பழைய கயிறு பெரியண்ணன் சாமி கோவில் வேலுக்குப் போய்விடும். மாடு போனாலும் கட்டுத்தறி வெறிச்சோடிப் போகக்கூடாது என்பது கணக்கு. கல்யாணமாகிச் சேந்தமங்கலத்திலிருந்து மலையேறி வந்த புதிதில் இதைப் பார்த்து நான் கேலி செய்ததுண்டு, கீழ்நாட்டுக்காரிக்கு என்ன தெரியும் என்று விட்டுவிடுவார்கள். உன் அப்பா உன் பாஸ்போர்ட்டை மிளகு போடும் பிளாஸ்டிக் பையில் வைத்து, அதை ஒரு மஞ்சள் பையில் போட்டு, நீ கனடா போன வருஷம் விற்ற காரிப்பசுவின் கயிற்றால் சுற்றி, அந்த வேலில் கட்டிவிட்டு வந்திருக்கிறார். எனக்கு மட்டும்தான் தெரியாது. அவர் விழுந்த பிறகு, வீடு முழுக்க நான் புரட்டிப் போட்டுத் தேடுவதைப் பார்த்த கண்ணாயி, ஏம் புள்ள, கோயில்ல இருக்கறதப் பீரோவுல தேடுனா கெடைக்குமா என்றாள். அப்போதுதான் தெரிந்தது.

பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்த சான்று இல்லாமல் விசா இல்லை, அவசர விசாவானாலும் அதைக் கேட்கிறார்கள், தொலைந்திருந்தால் போலீஸில் புகார் கொடுத்த தாள் வேண்டும் என்று நீ சொன்னாய். போனில் நீ அழுத அன்று, திங்கட்கிழமை, நான் ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் மணிவண்ணன் என்னிடம் பத்தாவது படித்தவன். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தான். தொலஞ்சுதா, திருட்டுப் போச்சா, சேதமாயிருச்சா டீச்சர், மூணுல ஒண்ணச் சொல்லுங்க என்றான். நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். அவன் பேனாவை மூடி வைத்துவிட்டு, ஏனுங்க டீச்சர், பெரியண்ணங்கோயில் வேலுல தொங்கறது ஊருக்கே தெரியுமுங்க, நீங்க எழுதச் சொன்னா எழுதறனுங்க, ஆனா பரீட்சையில காப்பியடிச்சதுக்கு என்னைய வெளிய நிக்க வெச்சது நீங்கதானுங்க என்றான். அவன் குத்திக் காட்டவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவன் எழுதத் தயாராகத்தான் இருந்தான், எழுந்து வந்தது நான்.

அங்கிருந்து நேராகக் கோவிலுக்குப் போனேன். பூசாரி சென்றாயன் அப்பாவுக்கு மாமன் மச்சான் முறை. பையைக் கழற்றிக் கொடுங்கள் என்றேன். வெச்சவங்க கையிலதான் குடுப்பனுங்க, மாமனக் கூட்டியாங்க என்றார். எழுந்து உட்கார முடியாதவரை எப்படிக் கூட்டிவருவது என்று கேட்டேன். ஜீப்பு வருமுங்களே என்றார். எனக்குக் கோபம் வந்தது. பெரியண்ணனுக்குப் பாஸ்போர்ட் ஆபீஸ் வேலையை யார் கொடுத்தது என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவே இல்லை. அந்த ஆபீசுல மட்டும் நீங்க போய்க் கேட்டா உங்க பையன் பாஸ்போட்டக் குடுத்துருவாங்களா டீச்சர், ஒரிஜினல் ஆளு வரோணும்பாங்க, இங்கயும் அதேதானுங்க என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினேன். வீட்டுக்கு வந்தால் கண்ணாயி, கனடாக்காரன் கேக்கற தாளுக்கெல்லாம் ஓடறா, சாமி ஒண்ணு கேட்டா மட்டும் படிச்சவளுக்குக் காலு நோவுது என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

கால் நோகவில்லை, சந்தோஷ். அப்பாவை ஜீப்பில் ஏற்றினால் என்ன ஆகுமோ என்ற பயம் உண்டு, ஆனால் அதுவும் முழுக் காரணம் இல்லை. கூட்டிப் போக வேண்டுமானால் எதற்கு என்று அவரிடம் சொல்ல வேண்டும். நீ போய்விடக்கூடாது என்று அவர் கட்டி வைத்தார். அப்படிக் கட்டி வைத்ததால்தான் இப்போது உன்னால் வர முடியவில்லை. பேச்சு வராத ஒருவரின் முகத்துக்கு நேரே இதை எப்படிச் சொல்வது? பேச முடிந்தால் என்னைத் திட்டவாவது செய்வார். சிட்டிசன்ஷிப் வெறும் தாள்தான், பயப்படாமல் வாங்கிக்கொள் என்று உன்னிடம் சொன்னவள் நான். தாள்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவர் அப்படி நினைக்கவில்லை என்பதை முன்பே கவனித்திருக்க வேண்டும். உண்மையை மட்டும்தான் எழுதிக் கொடுப்பேன் என்ற என் பிடிவாதமும், சாமி முன்னால் நிற்கமாட்டேன் என்ற என் வீம்பும் சேர்ந்து மூன்று நாளைத் தின்றுவிட்டன. அவரிடம் எண்ணிச் செலவழிக்கும் அளவுக்குத்தான் நாட்கள் இருக்கின்றன.

நாளை காலை ஏழு மணிக்கு ஜீப் சொல்லியிருக்கிறேன். ஸ்டேஷனுக்கா கோவிலுக்கா என்று டிரைவர் கேட்டார், காலையில் சொல்கிறேன் என்றேன். எது நடந்தாலும் உனக்கு எழுதிவிட்டுத்தான் கடிதத்தை ஒட்டுவேன். உன் நண்பன் யோசனை சொன்னானே, முன்பு இந்தியக் குடியுரிமை இருந்ததா என்ற இடத்தில் இல்லை என்று போட்டு ஆன்லைன் விசா வாங்கலாம் என்று, அதைச் செய்யாதே. பிறந்த ஊர் நாமக்கல் என்று உன் கனடாப் பாஸ்போர்ட்டே சொல்கிறது. சென்னையில் இறங்கி, அங்கிருந்தே உன்னைத் திருப்பி அனுப்பினால் அதை அப்பாவிடம் போய்ச் சொல்ல என்னால் ஆகாது. வேளைக்குச் சாப்பிடு. இரவில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்காதே, ஏதாவது என்றால் ஒரு முறைக்கு நான்கு முறை அடிப்பேன். அப்பாமேல் கோபம் வந்தால் அதை இரண்டு நாள் என்மேல் காட்டு, பிறகு விட்டுவிடு. பெரியண்ணன் பேரைச் சொல்லி வாழ்த்த எனக்கு வராது, பழக்கமில்லை. நீ நல்லபடியாக இருக்க வேண்டும், கண்ணு, உன் கால் இந்த வாசலில் சீக்கிரம் பட வேண்டும். விசா மையத்திலிருந்து வந்த கடிதங்களை எல்லாம் ஒரே உறையில் போட்டு வை, கேட்கும்போது தேடக்கூடாது.

உன் அம்மா,
பானுமதி.

வியாழன், மாலை நான்கு மணி.

கோவிலுக்குத்தான் போனோம். விடிந்ததும் அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், எதையும் பூசி மெழுகவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். சரி, ஜீப்பைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று எழுந்தபோது அந்த ஒலி வந்தது. இடது கையால் ஆணியில் தொங்கிய வெள்ளைச் சட்டையைக் காட்டினார். கண்ணாயி போட்டுவிட்டாள். மணிவண்ணன் டூட்டிக்குப் போகும் முன் வந்து தூக்கிவிட்டான். ஜீப் போகாத கடைசித் தூரத்துக்கு நாற்காலியில் வைத்து நான்கு பேர் தூக்கினார்கள். சென்றாயன் வேலிலிருந்து பையை அவிழ்த்து, அப்பாவின் நெற்றியில் திருநீறு வைத்து, கயிற்றோடு அவர் இடது கையில் கொடுத்தார். நான் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. பையை மார்போடு வைத்து அழுத்திக்கொண்டார். குடுங்க மாமா, பையன் வரட்டுமுங்க என்று சென்றாயன் கெஞ்சினார். கொடுக்கவில்லை. நான் இழுக்கவில்லை. அப்படியே வீட்டுக்குத் திரும்பினோம், வழியெல்லாம் கண்ணாயி அழுதுகொண்டு வந்தாள்.

மதியம் கஞ்சி வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டார். மூன்று மணிக்குக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், ஒரு கையாலேயே முடிச்சை அவிழ்த்திருக்கிறார். பாஸ்போர்ட் போர்வைமேல் கிடந்தது, உன் போட்டோ இருக்கும் பக்கம் விரிந்திருந்தது. மணிக்கட்டால் அதை என் பக்கம் தள்ளினார். அட்டையில் மட்டும் எண்ணெயும் குங்குமமும் பட்டிருக்கிறது, எப்படி என்று கேட்டால் உள்ளதைச் சொல். ஐந்து மணி பஸ்ஸில் மணிவண்ணன் நாமக்கல் போகிறான், இந்தக் கடிதத்தோடு வைத்துக் கூரியரில் போட்டுவிடுவான். ஏழு நாள் ஆகும் என்கிறார்கள், அதற்குமேல் உன் விசா. டாக்டர் சொன்ன நாட்களோடு வைத்துக் கூட்டிப் பார்த்தேன், ஒரு முறைதான்.

கயிற்றை அவர் கையைச் சுற்றிச் சுற்றி வைத்திருக்கிறார். விரல் மரத்துவிடப் போகிறது என்று தளர்த்தப் போனேன். கையை மூடிக்கொண்டார். விட்டுவிட்டேன். இப்போது தூங்குகிறார், கயிறு கையில் இருக்கிறது.