பச்சைக் காரின் ரோட்டார்

நனீட்டன்,
மார்ச் 14, 1993, ஞாயிறு

அன்பு மகள் ஹேசலுக்கு அப்பா எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளை கிரெய்கும் குட்டி நோராவும் உலகத்தின் அந்தக் கடைக்கோடித் தீவில் சுகமாக இருக்கிறீர்களா என்று எழுது. எப்போதும் இந்த இடத்தில் அம்மாவும் சுகம் என்று ஒரு வரி இருக்கும், நீயும் படித்துப் படித்துப் பழகிப்போய் அதைத் தாண்டிப் போயிருப்பாய். இந்தத் தடவை அந்த வரியை எழுதி எழுதிக் காகிதத்தைக் கிழித்துப் போட்டதுதான் மிச்சம். அதனால் மற்ற சமாசாரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே மழை விடவில்லை, தோட்டத்தில் டாஃபடில் பூத்த கையோடு காற்றில் சாய்ந்து கிடக்கிறது. நம் முடிவெட்டும் கடையை விற்ற பிறகும் பழைய வாடிக்கைக்காரர்கள் சிலர் பின்வாசல் வழியாக வந்து நம் சமையலறையில் உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டு போகிறார்கள், கடையை வாங்கியவன் காதோரம் மெஷினை விட்டு ஆட்டுக்கு ரோமம் எடுப்பது மாதிரி எடுக்கிறானாம். கேட்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நோராவின் போட்டோ வந்து சேர்ந்தது. முன்பல் இரண்டும் இல்லாமல் சிரிக்கிறாள். அம்மா அதைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்ல பொண்ணு, யார் வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டாள். நான் சொன்னேன். "அப்படியா, ஹேசலுக்கு அதுக்குள்ள கல்யாணம் ஆயிடுச்சா?" என்றாள்.

பார்த்தாயா, மற்ற சமாசாரம் என்று ஆரம்பித்தாலும் அங்கேதான் போய் நிற்கிறது.

நவம்பரில் போனில் உன்னிடம், அம்மாவுக்குக் கொஞ்சம் மறதி, டாக்டர் கார் ஓட்ட வேண்டாம் என்கிறார் என்று மட்டும் சொன்னேன். நடந்தது இதுதான். பழைய கார் கிளப்பில் நம்மோடு இருக்கும் டெரிக்கின் வீட்டுக்குப் போய் ஏதோ வாஷர் வாங்கி வருகிறேன் என்று பச்சைக் காரை எடுத்துக்கொண்டு போனாள். டெரிக் வீடு எங்கே இருக்கிறது, நாலு தெரு தள்ளி. சாப்பாட்டு நேரம் போய், டீ நேரமும் போய், ஆளைக் காணோம். கடைசியில் போலீஸ்காரர் ஒருவர்தான் ஏரிக் கரைச் சாலையில் கண்டுபிடித்து அழைத்து வந்தார். விளக்கைப் போட்டுக்கொண்டு, கூரையை மடக்கிவிட்டு, கொட்டுகிற மழையில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாளாம். கேட்டதற்கு, தன் அப்பா வந்து கேரேஜ் கதவைத் திறப்பார், அதற்காகத்தான் காத்திருக்கிறேன் என்றாளாம். உன் தாத்தா போய்ச் சேர்ந்து எத்தனை காலம் ஆகிறது, அந்தக் கேரேஜ் இருந்த இடத்தில் இப்போது பர்னிச்சர் கடை இருக்கிறது. கோவென்ட்ரி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஏதேதோ படம் வரையச் சொன்னார், கடிகாரம் வரையச் சொன்னார். இவள் கடிகாரத்துக்குப் பதில் வேகமானி வரைந்து வைத்தாள், அதில் முள் எண்பதில் நின்றது. இனி நீங்கள் ஓட்டக் கூடாது என்று அவர் பக்குவமாகத்தான் சொன்னார். உன் அம்மா கையுறையை மாட்டிக்கொண்டே, "உங்க வண்டியை நீங்க ஓட்டுங்க டாக்டர், என் வண்டியை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

விற்றுவிடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். கிளப்பிலேயே அவளுடைய அந்தப் பச்சை டிரையம்ஃப் கார் மேல் கண் வைத்திருப்பவர்கள் உண்டு. என்னால் முடியவில்லை ஹேசல். காலையில் எழுந்ததும் அவளுக்கு என்ன கிழமை என்று தெரியாது, சட்டையை எதற்கு மேல் எதைப் போடுவது என்று தெரியாது, ஆனால் வேலைக்குப் போடும் அந்த நீல ஓவராலை மாட்டிக் கேரேஜ் கதவைத் திறந்துவிட்டால் போதும், கை தானாக ஸ்பானரை எடுக்கும். எந்த நட்டுக்கு எது என்று பார்க்கக்கூட மாட்டாள். பிளக்கைக் கழற்றி நுனியை முகர்ந்து பார்த்து, பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்பாள். உனக்குத்தான் தெரியுமே, இந்த வீட்டில் கிரீஸ் கை அவளுடையது, பவுடர் வாசனைக் கை என்னுடையது, தெருவில் எத்தனை பேர் கேலி பண்ணினார்கள், இவள்தான் என் பக்கம் நின்று அவர்களைத் திட்டினாள். காரையும் எடுத்துவிட்டால் அவள் எதற்காக எழுந்திருப்பாள்?

சரி, சாவியை மட்டும் ஒளித்து வைப்போம் என்று மாவு டப்பாவுக்குள் போட்டேன். மறுநாள் கேரேஜில் இன்ஜின் சத்தம். டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு இரண்டு கம்பியை உருவி ஒட்டவைத்து ஸ்டார்ட் பண்ணிவிட்டாள். என்னைப் பார்த்து, "லெஸ், சாவியைத் தொலைச்சிட்டியா? பரவாயில்ல, விடு" என்றாள். பெருந்தன்மையைப் பார். அப்புறம்தான் டெரிக் யோசனை சொன்னான், ரோட்டாரை எடுத்துவிடு என்று. எனக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது, அவன்தான் இன்ஜினில் ஒரு மூடியைக் கழற்றிக் காட்டினான். கட்டைவிரல் அளவுக் கறுப்புத் துண்டு, தலையில் ஒரு பித்தளைப் பட்டை. பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கு போட்டு அனுப்புகிற சாமான், அது இல்லாவிட்டால் இன்ஜின் எவ்வளவு சுற்றினாலும் பற்றாது. யுத்த காலத்தில் காரை எங்கே நிறுத்தினாலும் அதைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும், இல்லாவிட்டால் எதிரி வந்து இறங்கினால் நம் வண்டியிலேயே ஏறிப் போய்விடுவான் என்று சட்டமே இருந்தது. உன் தாத்தா கடைசி வரைக்கும் அதை விடவில்லை, அவரிடமிருந்து அம்மாவுக்கும் அந்தப் பழக்கம் வந்தது. பார்மத் கடற்கரை உனக்கு ஞாபகம் இருக்கும். நீ சின்னப் பெண், மணலில் விளையாடப் போனால் உன்னை விட்டுவிட்டு நாங்கள் கிளம்பிவிடுவோம் என்று பயந்து காரையே சுற்றிச் சுற்றி வருவாய். அம்மா ரோட்டாரைக் கழற்றி உன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். "இது இல்லாம வண்டி அசையாது. உன் கையில இருக்குல்ல, அப்ப நீ இல்லாம யாரும் எங்கயும் போக முடியாது" என்றாள். அன்றிலிருந்து எங்கே போனாலும் அதை வைத்துக்கொள்வது உன் வேலை.

அதைத்தான் நான் அவளுக்குத் தெரியாமல் திருடினேன். சாவியை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி டீ போட்டேன். டீ கொதித்து இறங்குவதற்குள் வந்து நின்றாள். "எவனோ ரோட்டாரை அடிச்சிட்டுப் போயிட்டான்" என்றாள். அலட்டிக்கொள்ளாமல் உதிரி சாமான் போட்டு வைத்திருக்கும் புகையிலை டப்பா ஒன்றிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டி, நான் அலறிக்கொண்டு பின்னால் ஓட, தெருவை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து விட்டாள். அன்று மாலை அவள் குளிக்கப் போனபோது அந்த டப்பாக்களையெல்லாம் துழாவி இருந்த எல்லா ரோட்டாரையும் எடுத்து என் கத்தரிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். டெரிக்குக்குப் போன் போட்டுக் கேட்டாள், அவனும் கைவசம் இல்லை என்று சொல்லிவிட்டான், அதற்கு அவள் அவனைத் திட்டிய திட்டை நான் இங்கே எழுத முடியாது. பிறகு கேரேஜுக்குப் புதுப் பூட்டு ஒன்று வாங்கி மாட்டினாள். சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "நீயே வெச்சுக்க லெஸ். இந்தத் தெருவுல எனக்கு நம்பிக்கையான ஆள் நீ ஒருத்தன்தான்" என்றாள். நான் வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இப்போதும் தெரியவில்லை.

குளிர்காலம் முழுக்க இப்படியே ஓடியது. தினமும் காலையில் பானெட்டைத் திறப்பாள், மூடியைக் கழற்றுவாள், இன்னும் அந்தத் திருடன் கொண்டுவந்து வைக்கவில்லை என்று திட்டுவாள், மூடிவிட்டு வேறு வேலை பார்ப்பாள். கிரீஸ் வைப்பாள், குரோமைத் துடைப்பாள். பிரேக்கில் காற்று எடுக்க வேண்டும் என்றால் நான் சீட்டில் உட்கார்ந்து மிதிக்க வேண்டும், அவள் சக்கரத்துக்குப் பின்னால் படுத்துக்கொண்டு "மிதி" என்பாள், "விடு" என்பாள், நான் கொஞ்சம் முந்திவிட்டால் கார் அடியிலிருந்து வசவு வரும். திருடன் என்று அவள் என்னை என் முகத்துக்கு நேராகவே தினமும் திட்டிக்கொண்டிருந்தாள், எனக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அதுதான் எங்களுடைய நல்ல காலம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. என்ன இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது பார், அதுவே பெரிய விஷயம்.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை. மழை கொஞ்சம் விட்டிருந்தது. வழக்கம்போல் மூடியைக் கழற்றினாள். நான் டீயோடு நின்றுகொண்டு திட்டுக்குக் காத்திருந்தேன். திட்டு வரவில்லை. உள்ளே வெகுநேரம் பார்த்தாள். துணியால் பதமாகத் துடைத்தாள், மூடியை வைத்து இரண்டு பக்கமும் கிளிப்பை மாட்டினாள், பானெட்டை இறக்கிவிட்டுப் போய்ச் சீட்டில் உட்கார்ந்தாள். டீ தளும்பியது. அதை வைத்துவிட்டு நானும் போய்ப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன். அவள் சாவியைத் திருகவே இல்லை. கேரேஜ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பலாமா எனிட் என்று கேட்டேன். திரும்பி என்னைப் பார்த்து, அந்நியரிடம் பேசுகிற மாதிரி மரியாதையாகச் சிரித்தாள். "கொஞ்சம் பொறுங்க. என் வீட்டுக்காரர் டீ எடுத்துட்டு வர்றார். மெதுவாத்தான் வருவார், ஆனா ஒரு சொட்டு சிந்த மாட்டார்" என்றாள். அப்புறம் அவளே சொன்னாள், "அவர் வந்தாலும் கிளம்ப முடியாது. ரோட்டார் ஹேசல்கிட்ட இருக்கு. மணல்ல விளையாடிட்டிருக்கா. அவ வரட்டும்."

நான் கார்க் கதவைத் திறந்து இறங்கி, கேரேஜுக்குப் பின்னால் போய், வாளி வைத்திருக்கும் இடத்தில் நின்று அழுதேன். என் அம்மா போனபோதுகூட நான் அப்படி அழுததில்லை. திரும்பி வந்தபோது அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு மாலையில் சாதாரணமாக லெஸ் என்று கூப்பிட்டாள், உருளைக்கிழங்கில் உப்பு இல்லை என்றாள். சில நாள் அப்படி, சில நாள் இப்படி. ஆனால் செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் மூடியைக் கழற்றிப் பார்ப்பதில்லை, திருடனைத் திட்டுவதும் இல்லை. காலையில் ஓவராலை மாட்டிக்கொண்டு போய்ச் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறாள். காலுக்குக் கம்பளி போர்த்திவிடுகிறேன். உனக்காகக் காத்திருக்கிறாள்.

புது வீடு கட்டி முடித்துவிட்டு அடுத்த கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். நானும் அவசரமில்லை, நிதானமாக வா என்று பதில் போட்டேன். ஹேசல், அவசரம். நான் உன்னிடம் வா என்று ஒரு நாளும் கேட்டதில்லை, கப்பலேறிய அன்றுகூடப் போகாதே என்று சொல்லவில்லை, கையை மட்டும் ஆட்டினேன். இப்போது கேட்கிறேன். வீட்டுக்கூரை காத்திருக்கும், இவள் எவ்வளவு நாள் காத்திருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டரைக் கேட்டால் அவர் ஜன்னல் பக்கம் பார்க்கிறார். மாப்பிள்ளையிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல். முடிந்தால் நோராவையும் கூட்டி வா. உன் சின்ன வயது முகம் அப்படியே அவளிடம் இருக்கிறது.

இந்த உறைக்குள் பஞ்சில் சுற்றி ஒன்று வைத்திருக்கிறேன், கீழே விழுந்துவிடாமல் பார்த்துப் பிரி. உன் அம்மாவின் காரில் முதலில் இருந்த அதே ரோட்டார்தான், நான் திருடியது. உன்னிடம் இருக்கிறது என்று அவள் சொல்லிவிட்டாள், அது உன்னிடமே இருக்கட்டும். என்னவோ, அதைத் தபாலில் போடப்போகிறேன் என்று நினைத்ததுமே மனசு கொஞ்சம் லேசாக இருக்கிறது. உங்கள் மலைப் பாதையில் மழைக் காலத்தில் வேகமாகப் போகாதீர்கள், டயர் தேய்ந்திருந்தால் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள், இதை உன் அம்மா சொன்னதாக எடுத்துக்கொள். மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் இந்தக் கிழவனின் வேண்டுதல்.

வரும்போது எதை மறந்தாலும் அந்தச் சாமானை மறந்துவிடாதே. பெட்டியில் போடாதே, கையிலேயே வைத்துக்கொள். நேராகக் கேரேஜுக்குப் போ, அங்கேதான் இருப்பாள். நாற்பது வயதுப் பெண்ணாக நீ முன்னால் போய் நின்றால் அவளுக்கு உன்னை அடையாளம் தெரியாமல் போகலாம், மனசு உடைந்துவிடாதே. கையை நீட்டி விரலைத் திற. அதைப் பார்த்தால் நீ யார் என்று அவளுக்குத் தெரியும்.

என்றும் உன் அன்பு அப்பா,
லெஸ்லி