மூன்று கட்டங்கள்

மார்ச் 4
ஆஸ்பத்திரிப் படிவத்தில் ஒரே ஒரு வரி: நோயாளி வெளியே வேறு வைத்தியம் ஏதாவது பார்க்கிறாரா. அதற்கு மூன்று மணி நேரக் கூட்டம். ‘மாற்று மருத்துவம்’ என்றால் டாக்டர் மருந்தை விட்டுவிட்டு எடுப்பதாம். கூடவே எடுத்தால் ‘துணை மருத்துவம்’. பெரிய டாக்டர், ‘மரபு மருத்துவம்’ என்று போடுங்கள், யார் மனமும் நோகாது என்றார். படிவம் எழுதுவது என் வேலை. மூன்றையும் போட்டு மூன்று கட்டம் வரைந்தேன்.

மார்ச் 9
அக்கா வீட்டில் சாப்பாடு. மூட்டுவலிக்கு யாரிடமோ பொடி வாங்கித் தின்கிறாள். டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து, “எந்தப் புருடா வைத்தியர் குடுத்தார்? செங்கல் தூள் மாதிரி இருக்கு” என்றேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.
அக்கா டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள். “சரி, இனிமே சாப்பிடலை, போ.”

ஜூன் 2
அக்காவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. அதிகம் நடந்ததாலாம்.

ஜூன் 21
சிறுநீரகம். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். “வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?” என்று டாக்டர் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். “இல்லைங்க” என்றாள். படிவத்தில் மூன்று கட்டமும் காலி.

ஜூன் 29
தலையணைக்கடியில் அந்த டப்பா. மாமாதான் கண்டுபிடித்தார். இங்கே வந்த பிறகும் தின்றிருக்கிறாள்.
ஏன் சொல்லலை?
“நீ பக்கத்துல நின்னியேடா. சிரிப்பே.”
அதுக்காகவா? அதுக்குப் போயா அக்கா? — வார்டு என்றும் பாராமல் கத்தினேன். யாரைப் பார்த்துக் கத்தினேன் நான்.

ஜூலை 3
சோதனை முடிவு வந்தது. பொடியில் வலி மாத்திரையை அரைத்துக் கலந்திருக்கிறான் பாவி. மருந்துக் கடையில் விற்கிற அதே மாத்திரை; மாதக்கணக்கில் தின்றால் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுமாம். இதை எந்தக் கட்டத்தில் போடுவது?
மார்ச்சிலேயே டப்பா என் கையில் இருந்தது. சோதனைக்கூடம் என் மேசைக்கு நேர் கீழ் மாடி. கிண்டலடித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 10
வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இனி அப்படித்தான்.

செப்டம்பர் 16
கட்டங்களை எடுத்துவிட்டேன். ‘வேறு என்னென்ன சாப்பிடுகிறீர்கள்? யார் கொடுத்தது என்றாலும் சொல்லுங்கள்.’ மருத்துவத்தின் பேரே இல்லையே என்றார் பெரிய டாக்டர். இல்லாமலே இருக்கட்டும் என்றேன்.
இன்று புது டாக்டர் அக்காவிடம் அதைத்தான் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். தண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லி பாட்டிலோடு வெளியே வந்துவிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் பேச ஆரம்பித்தாள். வெகுநேரம் பேசினாள். பாட்டில் நிறைந்த பிறகும் நான் உள்ளே போகவில்லை.